மசாலா வறுக்க நான்ஸ்டிக் சட்டி வேண்டாம்

காரைக்குடிப் பக்கத்து அடுப்படிகளில் நான்ஸ்டிக் சட்டி சீக்கிரம் பாழாவதற்கு முதல் காரணம் மசாலா வறுப்பதுதான். வரமிளகாய், மல்லி, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் எண்ணெயில்லாமல் வறுபட வேண்டும். வெறுஞ்சட்டியைப் பெரிய அடுப்பில் காயவைத்துவிட்டு அஞ்சறைப் பெட்டியைத் தேடுவோம். அந்தச் சில நிமிடங்களிலேயே சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்துவிடும்.

பெரும்பாலான சட்டிகளில் இருப்பது டெஃப்லான் வகைப் பூச்சு. 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. சூடு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். 350-ஐ நெருங்கினால் சிதைந்து புகை விடும். அதைச் சுவாசித்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் வரலாம். வீட்டில் வளர்க்கும் பறவைகள் செத்தே போகும். எண்ணெய் ஊற்றியிருந்தால் அது புகைவதைப் பார்த்தாவது அடுப்பைத் தணிப்போம். வெறுஞ்சட்டியில் அந்த எச்சரிக்கை கிடையாது.

ஆகவே வறுக்கவும் தாளிக்கவும் ஆச்சி காலத்து இருப்புச்சட்டியையே எடுங்கள். நான்ஸ்டிக்கை முட்டைக்கும் தோசைக்கும் வைத்துக்கொண்டு, மிதமான தீயில், துளி எண்ணெய் விட்டுக் காயவையுங்கள்.

அடுத்தது பணியாரச்சட்டி. கருப்பட்டிப் பணியாரம் குழியில் கொஞ்சம் ஒட்டியதும் கை தானாகவே கம்பியைத் தேடும். இரும்புச் சட்டிக்குப் பழகிய கை அது. நான்ஸ்டிக் குழியில் கம்பி ஒருமுறை கீறினால் அந்த இடத்தில்தான் அடுத்த ஈடும் ஒட்டும். மரக்குச்சியால் திருப்புங்கள். பிடித்த பாகைச் சுரண்டாமல், சட்டி ஆறியபின் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் தானாகக் கரையும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி நெளிந்துவிடும். உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் உரிய ஆரம்பித்த சட்டியை மாற்றிவிடுங்கள்.

கண்ணாடி மூடியை நாம் அலட்சியமாகத்தான் கையாளுகிறோம். எங்கள் வீட்டு மூடி ஒன்று, அலமாரியில் சும்மா இருந்தபோதே ஒரு இரவு வெடித்துச் சிதறியது. சில நாள் முன்பு கழுவும்போது குழாயில் இடித்து அதன் ஓரம் பெயர்ந்திருந்தது; நான்தான் பொருட்படுத்தவில்லை. இந்த மூடிகள் பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடி. நன்றாகக் காய்ச்சிச் சட்டென்று காற்றால் குளிரவைப்பதால் மேற்பரப்பு இறுகியும் உள்பகுதி இழுபட்டும் நிற்கும். அதனால்தான் அதற்கு வலு. ஓரச் சிதைவு உள்ளே இறங்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் பொடியாகும்.

கொதிக்கும் மூடியை ஈரமான மேடையிலோ ஆத்தங்குடிக் கல் தரையிலோ வைக்காதீர்கள். மடித்த துணிமேல் வையுங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். சின்னச் சட்டியைப் பெரிய அடுப்பில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி மூடியின் விளிம்பைச் சுடும்.

குழம்பின்மேல் மூடி உடைந்துவிட்டால், கறி எவ்வளவு போட்டிருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வடிகட்டிப் பார்க்காதீர்கள், பொடித் துணுக்கு வடிகட்டியிலும் தப்பும்.