பக்கத்து நிலத்தில் மறந்துபோன துளை: ஆழ்கிணறு அனுமதி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

கிணறு என்றால் நமக்கு இறைப்பதற்கான இடம். இங்கே நான் பேசப்போகும் கிணறுகளில் ஒரு வகை, ஊற்றுவதற்கானது. தொழிற்சாலைக் கழிவுநீரைப் பல ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கும் மணற்பாறைக்குள் அழுத்தி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு வகை கனிமக் கிணறு. நிலத்தடி உப்பையும், உரத்துக்கு உதவும் பொட்டாஷ் உப்பையும் நீரில் கரைத்து மேலே கொண்டுவருவதற்கானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரண்டுமே உண்டு. மிட்லண்ட் நகரில் ஹெர்பர்ட் டவ் 1890களில் ரசாயனத் தொழிலைத் தொடங்கியதே அங்கே நிலத்தடி உப்புநீரில் இருந்த புரோமினை நம்பித்தான்.

இந்தக் கிணறுகளுக்கான அனுமதி விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களுக்கு ஒரு பொது முகம் இருக்கிறது. தோண்டப்போகும் கிணற்றின் வரைபடம் மிக அழகாக இருக்கும்: துளையின் சுவரைத் தாங்கும் உறைக்குழாயின் விட்டம், சிமென்ட் மூட்டைக் கணக்கு, பம்பின் திறன் எல்லாம் துல்லியமாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள நிலமோ வெள்ளைத் தாளாக விடப்பட்டிருக்கும். ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி தேடுவது அந்தச் சுற்றுப்புறத்தைத்தான். இதனால் யாருடைய குடிநீராவது கெடுமா என்ற ஒரு கேள்விக்குத்தான் அவர் விடை கேட்கிறார். அமெரிக்க நாடாளுமன்றம் 1974-இல் இயற்றிய பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் அவர் கையில் கொடுத்திருக்கும் கேள்வி அது.

முதல் தவறு, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் கிளம்புவது. மிச்சிகனில் கனிமக் கிணறுகளும் கழிவுக் கிணறுகளும் மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டு 451-ஆம் எண் சட்டத்தின் 625-ஆம் பகுதிக்குள் வருகின்றன. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து வரும் உப்புநீரை உள்ளே அனுப்பும் கிணறுகளோ அதே சட்டத்தின் 615-ஆம் பகுதிக்குள் வருகின்றன. மாநில அனுமதி கையில் கிடைத்ததும் ரிக் வண்டியை வரச்சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும் பிழை. தொழிற்சாலைக் கழிவை ஆழத்தில் செலுத்தும் முதல் வகுப்புக் கிணற்றுக்கும், கரைத்தெடுக்கும் மூன்றாம் வகுப்புக் கிணற்றுக்கும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., தனியாக அனுமதி தர வேண்டும். அதற்கான வட்டார அலுவலகம் சிகாகோவில் இருக்கிறது. எண்ணெய் வயல் சார்ந்த இரண்டாம் வகுப்பை மட்டும் 2021-இல் மிச்சிகன் மாநிலமே ஏற்றுக்கொண்டது. மத்திய அனுமதி வேண்டிய கிணற்றை அது கிடைக்கும் முன் தோண்டத் தொடங்குவதே சட்டமீறல். “தோண்டி மட்டும் வைத்துக்கொள்கிறோம், செலுத்தமாட்டோம்” என்ற சமாதானம் செல்லாது.

இதற்கு நேர்மாறான அறியாமையும் உண்டு. தன்னிடம் கிணறு இருப்பதே தெரியாமல் இருப்பது. வாகனப் பழுதுபார்க்கும் பட்டறையின் தரைச் சாக்கடை ஒரு உறிஞ்சுகுழிக்குள் போய் விழுந்தால், சட்டத்தின் பார்வையில் அதுவும் ஒரு உட்செலுத்து கிணறுதான். ஐந்தாம் வகுப்பு. அப்படிப்பட்ட புதிய வாகனக் கழிவுக் குழிகள் 2000 ஏப்ரல் 5 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டன. பெட்ரோல் நிலையமோ பட்டறையோ விலைக்கு வாங்கும் நம்மவர்கள் பத்திரத்தைப் பார்க்கும் அன்றே தரைச் சாக்கடை எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, தண்ணீரைச் சுவையால் எடைபோடுவது. “அந்த அடுக்கில் இருப்பது உப்புத் தண்ணீர், யார் குடிக்கப்போகிறார்கள்?” என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் இருந்து, ஒரு பொதுக் குடிநீர்த் திட்டத்துக்குப் போதுமான அளவு நீரும் இருந்தால், அந்த நீர்தாங்கி, அதாவது நிலத்தடி நீர் அடுக்கு, பாதுகாக்கப்பட்ட குடிநீர் ஆதாரம் என்கிறது விதி. குழாயில் வரும் நல்ல தண்ணீருக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவு 500. கடல்நீரில் ஏறத்தாழ 35,000. ஆக, இன்று வாயில் வைக்க முடியாத 8,000 அளவு நீரும் நாளைக்குச் சுத்திகரித்துக் குடிக்கக்கூடியதாகக் காக்கப்படுகிறது. இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட எண் அது. முதல் வகுப்புக் கிணறு இத்தகைய நீர்தாங்கிகளில் மிக ஆழமானதற்கும் கீழேதான் செலுத்த வேண்டும். ஆகவே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த எண்ணைக் கொடுங்கள். பக்கத்து மாவட்டத்து அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டிய எண் ஒரே கேள்வியில் உதிர்ந்துவிடும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பழைய கிணறுகள்.

பாறைக்குள் கழிவுநீரைச் செலுத்தும்போது அந்த நீர் வெகுதூரம் போவதில்லை, அழுத்தம் போகிறது. கிணற்றிலிருந்து சில நூறு அடி தள்ளி, யாரோ எப்போதோ தோண்டி மூடாமல் விட்ட ஒரு துளை அதே பாறை வரை இறங்கியிருந்தால், அந்த அழுத்தம் அங்கே காலங்காலமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் உப்புநீரை அந்தத் துளை வழியே மேலே தள்ளும். போகும் வழியில் குடிநீர் அடுக்கு இருக்கும். நம் கிணறு எவ்வளவு திறமாகக் கட்டப்பட்டிருந்தாலும் ஊர்த் தண்ணீர் கெட்டுப்போகும். அதனால்தான் விதி ஒரு ஆய்வு வட்டம் போடச் சொல்கிறது. ஆபத்தான கழிவு என்றால் குறைந்தது இரண்டு மைல் ஆரத்துக்குள் தேட வேண்டும். மற்றவற்றுக்குக் கால் மைல் என்ற நிலையான ஆரம் உண்டு. அழுத்தம் எதுவரை எட்டும் என்று கணக்கிட்டு வட்டத்தை வரையும் முறையும் உண்டு.

பலர் மாநில அரசின் கணினித் தரவில் தேடி, வந்த பட்டியலை அப்படியே இணைத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 1859-இல் எண்ணெய்க் கிணறு தோண்டியதிலிருந்து, அனுமதி, பதிவேடு என்ற பேச்சே இல்லாமல் பல்லாண்டுகள் கிணறுகள் தோண்டப்பட்டன. உற்பத்தி நின்றதும் உறைக்குழாயை உருவி விற்றுவிட்டு, துளைக்குள் மரக்கட்டையையும் கல்லையும் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. கணினியில் இவை கிடைக்காது. பழைய வான்படங்களில் கிடைக்கலாம். இரும்பு இன்னும் உள்ளே இருந்தால் காந்த அளவீட்டில் தெரியலாம்.

ஒருமுறை இப்படித் தேடப்போனவர்களோடு நானும் சோளக்காட்டில் நடந்தேன். வரிசையாக வளர்ந்த பயிருக்கு நடுவே ஒரு பாய் அளவுக்கு மட்டும் எதுவும் முளைக்கவில்லை. நிலத்துக்காரர், அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான், உழும்போது சுற்றிப் போய்விடுவோம் என்றார். மண்வெட்டியால் இரண்டு சாண் தோண்டியதும் துருப்பிடித்த குழாயின் விளிம்பு தட்டியது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கிணறு. அந்த வட்டாரத்து முதியவர்களிடம் பேசிய அரை நாள், அலுவலகத்தில் செலவிட்ட இரண்டு வாரங்களைவிட அதிகம் தந்தது. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் எப்படிச் சுத்தம் செய்து, எந்த ஆழத்திலிருந்து சிமென்ட் இட்டு அடைப்போம் என்ற திட்டத்தையும் விண்ணப்பத்தோடு தர வேண்டும். பக்கத்து நிலத்தில் கால்வைக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்பதால் இந்த வேலையை முதலிலேயே தொடங்குங்கள்.

அழுத்தக் கணக்கில் ஒரு நுட்பமான தவறு நடக்கிறது. பாறை பிளக்கும் அளவுக்கு அழுத்தம் தரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே பம்பின் மானியில் தெரிவதையே அழுத்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 4,000 அடி உயரமுள்ள நன்னீர்த் தூணின் எடையே அடியில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1,730 பவுண்டு. அதே குழாயில் நன்னீரைப்போல 1.2 மடங்கு அடர்த்தியுள்ள உப்புநீரை நிரப்பினால் இன்னும் சுமார் 350 பவுண்டு கூடும். நன்னீருக்குக் கணக்கிட்ட வரம்பில் அடர்ந்த கழிவைச் செலுத்தினால், மேலே மானி அமைதியாக இருக்கும்போதே கீழே பாறை பிளக்கலாம்.

ஆழமாகப் போனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் தவறு. டென்வர் அருகே ராக்கி மவுண்டன் ஆயுதச் சாலையில் ராணுவம் 12,045 அடிக்குத் தோண்டி, 1962 மார்ச்சில் ரசாயனக் கழிவைச் செலுத்தத் தொடங்கியது. விரைவிலேயே நிலநடுக்கங்கள் தொடங்கின. 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மிகப் பெரிய அதிர்வுகள் அதற்கும் பிறகு, 1967-இல்தான் வந்தன. அழுத்தம் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் 2011 டிசம்பர் 31 அன்று ரிக்டர் 4 அளவை ஒட்டிய நடுக்கம் ஒரு கழிவுக் கிணற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது. அந்தக் கிணறு, படிவு அடுக்குகளுக்கெல்லாம் கீழே இருக்கும் அடித்தளப் பாறை வரை இறங்கியிருந்தது. அழுத்தம் எட்டினால் நழுவி நிலத்தை நடுங்கவைக்கும் பாறைப் பிளவுகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு “தெரிந்தவரை இல்லை” என்று ஒரு வரியில் பதில் எழுதுபவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கனிமக் கிணறுகளில் ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. உப்பைக் கரைத்தெடுத்தால் கீழே குகை பிறக்கும். டெட்ராய்ட் ஆற்றில் உள்ள குரோஸ் ஐல் தீவின் வடமுனையில், பழைய உப்புக் கிணறுகள் இருந்த இடத்தில், 1971-இல் நிலம் உள்வாங்கிப் பள்ளங்கள் விழுந்தன. எவ்வளவு உப்பு எடுப்போம் என்று எழுதுபவர்கள், கூரையாக எவ்வளவு பாறையை விட்டுவைப்போம், தரை மட்டத்தை எப்படி அளந்துகொண்டே இருப்போம் என்பதையும் எழுத வேண்டும்.

கழிவு என்ன என்பதைப் பொதுவாக எழுதிவிடுவதும் வேண்டாம். அனுமதி, விண்ணப்பத்தில் சொன்ன கழிவுக்குத்தான். அமிலக் கழிவு சுண்ணாம்புப் பாறையில் பட்டால் கரியமில வாயு பொங்கி அழுத்தம் ஏறும். பாறையோடு ஒத்துப்போகுமா என்று சோதித்துக் காட்ட வேண்டும். ஆபத்தான கழிவு என்றால், அது 10,000 ஆண்டுகளுக்கு அந்த அடுக்கை விட்டு நகராது அல்லது அதற்குள் ஆபத்தற்றதாகிவிடும் என்று தனி மனுவில் நிறுவ வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே சொல்: கிணற்றை மூடும் செலவுக்கான உத்தரவாதத்தைச் சொந்த ஆட்களை வைத்துக் கணக்கிடாதீர்கள். வெளி ஒப்பந்ததாரர் வந்து மூடினால் என்ன கேட்பாரோ அதுதான் தொகை.

ஊர் மக்களை, அவர்கள் கருத்துச் சொல்வதற்கான 30 நாள் அறிவிப்பு வந்த பிறகு சந்தித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் நான் உடன்படவே மாட்டேன். டெட்ராய்ட் விமான நிலையம் இருக்கும் ரோமுலஸ் நகரில் இரண்டு கழிவுக் கிணறுகளை மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறி அனுமதி கிடைத்து, 2005 இறுதியில் செலுத்தத் தொடங்கினார்கள். 2006 அக்டோபரில் ஆய்வாளர்கள் நிலத்துக்கு மேலுள்ள பகுதியில் கசிவைக் கண்டார்கள், செலுத்துவது நின்றது. எதிர்த்தவர்களின் அச்சம் வெறும் அச்சமல்ல என்று ஆயிற்று. முன்கூட்டியே ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து, “கசிந்தால் யார் முதலில் எங்களுக்குச் சொல்வார்கள்?” என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பது கடமை.

அனுமதி கைக்கு வந்தாலும் உடனே செலுத்திவிட முடியாது. தோண்டி முடித்த அறிக்கையையும் சோதனை முடிவுகளையும் கொடுத்து, ஒப்புதல் பெற வேண்டும். கழிவு இறங்கும் உள்குழாய்க்கும் உறைக்குழாய்க்கும் இடையிலான இடைவெளியில் திரவத்தை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அடைத்துவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் முக்கியமான சோதனை. முள் நிலைக்க வேண்டும். குளிர்காலக் காலையில் அவசரமாகச் செய்தால், திரவம் குளிர்ந்து சுருங்குவதால் முள் மெல்ல இறங்கும். கசிவு இல்லாத கிணறும் தோற்றுப்போகும். வெயிலில் திரவம் சூடேறினால் உண்மையான கசிவே மறைந்துபோகும். வெப்பநிலை சமமாகும் வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கிணற்றை விற்றால் அனுமதி தானாகக் கைமாறாது. முகமைக்கு முன்கூட்டி எழுத வேண்டும். கடைசியில் கிணற்றை அடைத்த பிறகும், ஆபத்தான கழிவுக் கிணறாக இருந்தால், என்ன கழிவு, எவ்வளவு, எந்த ஆழத்தில், எந்தக் காலம் முதல் எந்தக் காலம் வரை செலுத்தப்பட்டது என்று நிலப் பத்திரத்திலேயே பதிய வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போட்டு மறந்துவிடுகிறார்கள். அறுபது ஆண்டு கழித்து அந்த நிலத்தில் வேறொருவர் ஆய்வு வட்டம் போடும்போது, சோளக்காட்டில் முதியவரைத் தேடிப் போகாமல் அந்தப் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பார்.