முதல் பாசறைக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்லீப்பிங் பேக்: 3,000 ரூபாய்க்குள் தேர்ந்தெடுக்கும் முறை

என் மகன் ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்தான். முதல் குளிர்காலப் பாசறை ஊட்டிக்குப் பக்கத்தில், ஜனவரி மாதத்தில். உறையின் மேல் 'மைனஸ் 5 டிகிரி' என்று அச்சிட்டிருந்த ஒரு ஸ்லீப்பிங் பேக்கை வாங்கி, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நிம்மதியாக அனுப்பிவைத்தேன். மூன்று நாள் கழித்து வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே பிள்ளை சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. "விடியற்காலையில் முதுகுதான் சில்லிட்டுப் போயிற்று, அம்மா" என்றான்.

மேலே மூடியிருக்கும்போது முதுகு மட்டும் ஏன் குளிர வேண்டும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். இப்போது மகளும் சாரணியர் படையில் இருக்கிறாள். அவளுக்கு வாங்கும்போது என்னென்ன பார்த்தேனோ அதை அதே வரிசையில் எழுதுகிறேன். பைக்கும் பாய்க்கும் சேர்த்து நான் ஒதுக்கிய தொகை 3,000 ரூபாய்.

படி 1: எந்த ஊர், எந்த மாதம்?

கடைக்குப் போவதற்கு முன்பு சாரண ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாசறை எங்கே, எந்த மாதம், பிள்ளைகள் படுப்பது கூடாரத்திலா கூடத்திலா. இந்த மூன்றும் தெரியாமல் பை வாங்குவது, அளவு சொல்லாமல் சட்டை தைக்கக் கொடுப்பதுபோல.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் சாரணர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி என்ற பெரும் பாசறை நடந்தது. அதுபோன்ற சமவெளிப் பாசறைக்கு ஸ்லீப்பிங் பேக்கே தேவையில்லை. ஒரு ஜமுக்காளமும் பருத்திப் போர்வையும் போதும். தடித்த பைக்குள் பிள்ளை வியர்த்துப்போவான். ஏற்காட்டுக்கு மெல்லிய பை சரி. ஊட்டி, கொடைக்கானல் என்றால்தான் யோசித்து வாங்க வேண்டும். சாரணர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் இருக்கும் மத்தியப் பிரதேசத்துப் பச்மரிக்கு டிசம்பர், ஜனவரியில் போகும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

குளிரைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே விடியற்காலை 19 டிகிரி என்றால், மேலே ஏறக்குறைய 7 டிகிரி. மேகமில்லாத ஜனவரி இரவில் இந்தக் கணக்கும் போதாது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படர்வது அதனால்தான். கூடாரம் அடிக்கும் இடமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சமதளப் புல்வெளியாகத்தான் இருக்கும். எனவே அந்த ஊரின் சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குளிர்ந்த இரவை நினைத்து வாங்குங்கள்.

படி 2: அட்டையில் இருக்கும் எண்ணைப் படிப்பது

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முறையாகச் சோதிக்கப்பட்ட பையில் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர எண்ணையோ, அதற்கு முன்பு வழக்கில் இருந்த ஈஎன் 13537 என்ற ஐரோப்பியத் தர எண்ணையோ குறித்திருப்பார்கள். அதன் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது 'கம்ஃபர்ட்': சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகக் கால் நீட்டிப் படுத்துக் குளிரில்லாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது 'லிமிட்': சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்': அந்தக் குளிரில் ஆறு மணி நேரம் உயிருக்கு ஆபத்தின்றிக் கிடக்கலாம், அவ்வளவுதான். அதில் தூக்கம் என்ற பேச்சே இல்லை.

விலை குறைந்த பல பைகளில் கொட்டை எழுத்தில் இருப்பது அந்த மூன்றாவது எண். என் மகனுக்கு வாங்கிய பையிலும் மைனஸ் 5 அப்படித்தான் இருந்தது. உள்ளே தைத்திருந்த சிறு துணிச்சீட்டில் கம்ஃபர்ட் 12 என்று போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. கம்ஃபர்ட் எண் எங்குமே இல்லாத பை என்றால், பெரிய எழுத்தில் உள்ள எதையும் நம்பாமல் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனைக்கு ஒரு பொம்மையைச் சூடேற்றிப் பைக்குள் வைக்கிறார்கள். அந்தப் பொம்மை முழு நீள உள்ளாடையும் காலுறையும் அணிந்திருக்கும்; அதன் அடியில் ஒரு மெத்தைப் பாயும் இருக்கும். பாய் இல்லாமல் படுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தவிர, எல்லாம் பெரியவர்களின் உடலை வைத்து வகுத்தது. குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் சூட்டை விரைவாக இழப்பார்கள். நான் எப்போதும் இரவின் குளிரைவிட ஐந்து டிகிரி குறைவான எண் உள்ள பையையே பார்க்கிறேன்: 10 டிகிரி இரவுக்கு கம்ஃபர்ட் 5 உள்ள பை.

அப்படியானால் 5 டிகிரிக்கு இறங்கும் ஊட்டிக்கு கம்ஃபர்ட் 0 வேண்டும். அதன் விலை நம் கணக்கைத் தாண்டிவிடும். நான் கம்ஃபர்ட் 5 உள்ள பையை வாங்கி, அதன்மேல் விரிக்க வீட்டிலிருந்த கம்பளியைக் கொடுத்தனுப்பினேன். ஆண்டுக்கு ஓர் இரவு வரும் கடுங்குளிருக்காகத் தடித்த பையை வாங்கினால் மற்றப் பாசறைகளில் அது சுமைதான்.

படி 3: செயற்கை இழையா, வாத்து இறகா?

செயற்கை இழை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இறகுப் பை எடை குறைவு, சூடும் அதிகம். ஆனால் விலை பல மடங்கு, நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும். பாலியஸ்டர் இழை ஈரமானாலும் ஓரளவு உப்பலாகவே இருக்கும், சீக்கிரம் காயும், வீட்டிலேயே துவைக்கலாம். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நவம்பர், டிசம்பர் வரை கொட்டும். பதினோரு வயதுப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடாமல் பைக்கருகே வைப்பதும் நடக்கும். இரண்டுக்கும் ஈடுகொடுப்பது செயற்கை இழைதான்.

படி 4: அளவு

அட்டையில் '190+30 × 75' என்பதுபோல் எழுதியிருக்கும். 190 என்பது உடல் நுழையும் நீளம், 30 தலையை மூடும் முக்காட்டுப் பகுதி, 75 அகலம், எல்லாம் சென்டிமீட்டரில். பிள்ளையின் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் கூடுதலாக இருந்தால் போதும். அதற்குமேல் இருக்கும் வெற்றிடத்தையும் பிள்ளையின் உடல்சூடுதான் சூடேற்ற வேண்டும். கால்மாட்டில் எப்போதும் குளிர் தங்கும்.

இதற்காகச் சிறுவர் பை வாங்கினால் இரண்டு ஆண்டில் சிறியதாகிவிடும். நான் செய்தது இது: பெரியவர் அளவில் வாங்கி, கால்பக்கம் எஞ்சிய பகுதியை வெளிப்புறமாக ஒரு கயிற்றால் கட்டிவிட்டேன். என் மகள் 142 சென்டிமீட்டர். 165 சென்டிமீட்டர் வரும் இடத்தில் ரீஃப் முடிச்சு. அவளே போட்டாள், அவிழ்ப்பதும் எளிது. அவள் வளர வளர முடிச்சு கீழே இறங்கும்.

வடிவத்தில் இரண்டு வகை. செவ்வகப் பையில் கால் நீட்டிப் புரளலாம், முழுவதும் திறந்தால் மெத்தை விரிப்பாகவும் பயன்படும். தோளில் அகன்று காலில் குறுகும் 'மம்மி' வடிவம் சூட்டை நன்றாகக் காக்கும். மலைப் பாசறைக்கு மம்மி வாங்குங்கள்.

படி 5: கடையில் கையால் பார்க்க வேண்டியவை

உறையிலிருந்து எடுத்து விரிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை. நான்கு முறை உதறி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, எவ்வளவு உப்புகிறது என்று பாருங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை ஒரு பக்கம் குவிந்து இன்னொரு பக்கம் வெறும் துணியாகத் தெரிந்தால் வேண்டாம்.

தையலைப் பாருங்கள். வெளியே ஓடும் தையல் வரி உள்ளேயும் அதே இடத்தில் ஓடினால், அந்த வரி நெடுக இழை நசுங்கி மெலிந்திருக்கும். குளிர் அந்த வழியே நுழையும். உள் அடுக்குக்கும் வெளி அடுக்குக்கும் தையல் இடம் மாறியிருப்பது நல்லது. குறைந்த விலையில் எல்லா இடத்திலும் இது கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஜிப்பைப் பிள்ளையே உள்ளே படுத்துக்கொண்டு பத்து முறை திறந்து மூட வேண்டும். துணியில் மாட்டுகிறதா? இருட்டில் உள்ளிருந்தே திறக்க முடியாத பை குழந்தைக்கு ஆகாது. ஜிப்பின் உள்பக்கம் நீளமாக ஒரு பஞ்சுக் குழாய் தைத்திருந்தால் பற்களின் வழியே காற்று வராது. முக்காட்டைச் சுருக்கும் கயிறும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

எடையைப் பொறுத்தவரை, பஸ்ஸில் போய் இறங்கும் பாசறைக்கு ஒன்றரைக் கிலோ பிரச்சினையில்லை. நடைப்பயணம் உண்டென்றால் கவனம் தேவை. 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பை கொள்கை, மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் சுமை கூடாது என்கிறது. 35 கிலோ பிள்ளைக்கு மொத்தம் மூன்றரைக் கிலோ. அதற்குள் உடையும் தண்ணீரும் அடங்க வேண்டும்.

படி 6: அடியில் ஒரு பாய்

மகனின் முதுகு ஏன் குளிர்ந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. சூட்டைக் காப்பது இழை அல்ல, இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. மேல்பக்கம் அது உப்பியிருக்கும். கீழ்ப்பக்கமோ உடல் எடையில் நசுங்கிக் காற்றே இல்லாமல் போய்விடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முதுகுக்கடியில் அது வெறும் துணிதான். மண்ணும் சிமென்ட் தரையும் இரவு முழுவதும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பல பாசறைகளில் பிள்ளைகள் பள்ளிக் கூடத்தின் சிமென்ட் தரையில்தான் படுக்கிறார்கள். அங்கே இன்னும் மோசம்.

ஆகவே ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டக்கூடிய, 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் பாய் போதும். வீட்டில் யோகா பாய் இருந்தால் அதன்மேல் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடலாம். கோரைப்பாய் வெயிலுக்கு இதமானது, குளிருக்கு உதவாது. கையில் பணம் குறைவு என்றால் பையில் ஒரு படி இறங்குங்கள், பாயில் இறங்காதீர்கள்.

படி 7: பழைய புடவையில் ஓர் உள்ளுறை

மெல்லிய பருத்திப் புடவையிலிருந்து மூன்றரை மீட்டர் வெட்டி, குறுக்கே இரண்டாக மடியுங்கள். அகலத்தை 80 சென்டிமீட்டராகக் குறைத்து இரு பக்கமும் தையல் போட்டால் தலைப்பக்கம் திறந்த நீளப் பை கிடைக்கும். பிள்ளை அதற்குள் நுழைந்து, அதோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுப்பாள். கொஞ்சம் சூடு கூடும். வியர்வையும் எண்ணெயும் வெளிப்பைக்குப் போகாததால் அதைத் துவைக்கும் வேலை குறையும். என் மகள் தன் பாட்டியின் புடவையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படி 8: மொட்டை மாடியில் ஓர் இரவு

பாசறைக்கு ஒரு வாரம் முன்பு, மார்கழி இரவில் மாடியில் படுக்க வையுங்கள். அவளே விரிக்கட்டும், நுழையட்டும், ஜிப் போடட்டும், காலையில் அவளே உறைக்குள் அடைக்கட்டும். பையைச் சுருட்ட வேண்டாம். காலடியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் திணித்தால் சிறு கைகளுக்கும் எளிது, இழையும் ஒரே இடத்தில் மடியாது.

அப்போதே சில பழக்கங்களைச் சொல்லிக்கொடுங்கள். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த உடைக்கும் காலுறைக்கும் மாற வேண்டும். தலையில் குல்லாய். மூக்கும் வாயும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மூச்சுவிட்டால் ஈரம் சேர்ந்து குளிரும். பாசறைத் தீயின் அருகே பையைப் போர்த்திக்கொண்டு உட்காரவே கூடாது: ஒரு பொறி பட்டாலும் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

படி 9: திரும்பி வந்தபின்

வந்த அன்றே திறந்து நிழலில் காயப்போடுங்கள். அழுக்கென்றால் ஜிப்பை மூடி, அகலமான தொட்டியில் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்புத் தூளும் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. நனைந்த பையை இரு கைகளாலும் அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள், இல்லையென்றால் நீரின் கனத்தில் உள்தையல் அறும். இஸ்திரி வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, சின்ன உறையில் அடைக்காமல் ஒரு தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த இழை மறுபடி உப்பாது.

கடைசியாக, பையின் மேலும் உறையின் மேலும் தனித்தனியே பிள்ளையின் பெயரையும் அணியின் பெயரையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். புறப்படும் காலையில் ஒரே நிறத்தில் இருபது பைகள் ஒரே கூடத்தில் குவிந்து கிடக்கும்.