ஆளில்லாத இரவில் எலெக்ட்ரோட் ஓட்டும்போது ஜீரோ அட்டவணையில் நடக்கும் தவறுகள்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை. மலேசியாவின் பினாங்கில் உள்ள பிறை என்ற ஊரில் நான் வேலை பார்த்த மோல்ட் பட்டறையில் எல்லாரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். மில்லிங் மெஷின் மேசையில் எலெக்ட்ரோடுக்கான (மோல்ட் எஃகைத் தீப்பொறியால் அரிக்கும் இடிஎம் மெஷினில் வைக்கும் வடிவம்) பன்னிரண்டு செப்புக் கட்டைகளைப் பூட்டி, பன்னிரண்டுக்கும் ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) எடுத்து, முதல் கட்டையில் ரஃபிங் (முதல் கரடு வெட்டு) ஒழுங்காக ஓடுவதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, நானும் பாலம் கடந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்விட்டேன். விடுமுறை முடிந்து காலையில் வந்து மெஷின் கதவைத் திறந்தால், முதல் கட்டை கண்ணாடி மாதிரி முடிந்திருந்தது. மற்ற பதினொன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. திரையில் எண்ணிக்கை மட்டும் 12 என்று காட்டியது. முடிந்த கட்டையின் மேலேயே மெஷின் இன்னும் பதினொரு முறை சுற்றி, காற்றை வெட்டியிருக்கிறது.

காரணம் ஒரே ஒரு சொல். மெயின் புரோகிராமில் கட்டைக்கு ஒரு ஜீரோவாக ஜி54.1 பி1, பி2, பி3 என்று வரிசையாக மாற்றி, ஒவ்வொரு முறையும் எம்98 போட்டு ஒரே சப் புரோகிராமைக் கூப்பிட்டிருந்தேன். அந்த சப் புரோகிராம் கேம் (வெட்டும் பாதையைக் கணக்கிடும்) மென்பொருளிலிருந்து வந்தது. பாதையை மெஷின் குறியீடாக மாற்றும் போஸ்ட் புராசசர் தன் வழக்கப்படி ஒவ்வொரு டூல் தொடக்கத்திலும் ஜி54 (வழக்கமான முதல் ஜீரோ) என்று எழுதிவிடும். முதல் கட்டையின் ஜீரோவை நான் ஜி54-இலும் பி1-இலும் ஒன்றாகவே வைத்திருந்ததால், முதல் ஓட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பி2-க்கு மாறிய அடுத்த நொடியே சப் புரோகிராம் ஜி54-க்குத் திரும்பிவிட்டது. பல ஜீரோக்களோடு ஓட்டுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, சப் புரோகிராமுக்குள் ஜி54 முதல் ஜி59 வரை எதுவும் இல்லையா என்று தேடிப் பார்ப்பதுதான். போஸ்டையே திருத்தி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

இங்கே சொல்லும் குறியீடுகள் ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டுக்கானவை. ஹாஸில் கூடுதல் ஜீரோக்கள் ஜி154 பி1 முதல் பி99 வரை இருக்கும்; ஹைடன்ஹைனில் பிரீசெட் அட்டவணை. பெயர் மாறினாலும் தவறுகள் பெரும்பாலும் இவைதான்.

பி எண்ணை மாறியில் (# எண்ணால் குறிக்கும் நினைவிடம்) வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜி54.1 பி#100 என்று எழுதி, #100-ஐ ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவது வசதியான முறை. ஆனால் #100 காலியாக இருந்தால் மெஷின் அலாரம் கொடுக்காது. காலி மாறி உள்ள சொல்லை அது படிக்காமலே விட்டுவிடும்; பி இல்லாத ஜி54.1-ஐ பி1 என்றே எடுத்துக்கொள்ளும். #100 வரிசை மாறிகள் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும், #500 வரிசை அழியாது. அதனால் எண்ணிக்கையை #500 வரிசையில் வையுங்கள். ஜி54.1 போடும் வரியில் வேறு எந்த பி-யும் வராமல் அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

உயரத்தில் நடக்கும் விபத்து

மேலே சொன்னதில் ஓர் இரவுதான் வீணானது. இது டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலையே கெடுக்கும். ஜீரோவை மாற்றினால் மெஷின் நகராது. அடுத்து வரும் அசைவைத்தான் புதிய ஜீரோவிலிருந்து கணக்கிடும். பி1-இல் இசட் 50-க்குத் தூக்கிவிட்டு, பி2-க்கு மாறி, எக்ஸ் 0 ஒய் 0 என்று மட்டும் சொன்னால், டூல் பழைய கட்டையின் 50 மில்லிமீட்டர் உயரத்திலேயே பக்கவாட்டில் போகும். பி2-இல் உள்ள கட்டை அதைவிட 70 மில்லிமீட்டர் உயர்ந்தது என்றால் நேராகப் போய் மோதும். பகலில் என்றால் கை நிறுத்து பொத்தானுக்குப் போகும். இரவில் யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் ஜி90 ஜி53 ஜி0 இசட்0 போட்டு, டூலை மெஷினின் உச்சிக்கே அனுப்புங்கள். அந்த ஜி90-ஐ (ஜீரோவிலிருந்து கணக்கிடும் நிலை) விட்டுவிடாதீர்கள். ஜி91 (நிற்கும் இடத்திலிருந்து கூட்டிக் கணக்கிடும்) நிலையில் ஜி53 (மெஷினின் சொந்த ஜீரோ) வேலை செய்யாது. உச்சிக்கு அனுப்ப ஜி91 ஜி28 இசட்0 போட்டுப் பழகியவர்கள் அடுத்த வரியிலேயே ஜி90-க்குத் திரும்ப வேண்டும். சப் புரோகிராம் ஜி91-இல் முடிந்து, அடுத்த கட்டை முழுவதும் கூட்டல் கணக்கில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். புதிய இடத்துக்கு எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் ஒரே வரியில் அனுப்புவதும் ஆபத்து. முதலில் எக்ஸ் ஒய், பிறகுதான் இசட்.

ஜி52 (ஜீரோவைத் தற்காலிகமாக நகர்த்துவது), ஜி68 (அச்சுகளைச் சுழற்றுவது) போன்றவற்றை சப் புரோகிராமுக்குள் பயன்படுத்தினால் அங்கேயே ரத்து செய்துவிடுங்கள். ஒரு கட்டைக்காகப் போட்ட ஜி52 மற்ற எல்லா ஜீரோவையும் சேர்த்தே நகர்த்தும்.

யாரோ விட்டுப்போன எண்

அட்டவணையின் மேலே 00 என்று ஒரு வரி இருக்கும், வெளி ஆஃப்செட். அதில் உள்ள எண் எல்லா ஜீரோவோடும் சேரும். பகல் ஷிப்ட்காரர் வேறு வேலைக்கு இசட்டில் 0.02 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டு மறந்து போனால், அன்றிரவு ஓடும் அத்தனை எலெக்ட்ரோடும் 0.02 உயரமாக வரும். எலெக்ட்ரோட் உயரத்தைச் சக்கிலிருந்து (கட்டையைப் பிடிக்கும் பிடிப்பான்) கணக்கிட்டு அப்படியே இடிஎம்முக்குக் கொடுக்கும் பட்டறையில், அந்த 0.02 மோல்டின் ஆழத்தில் போய்ச் சேரும்.

புரோகிராமின் தலையிலேயே அதைப் பூஜ்யமாக்கும் வரியைச் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பாலட் (கட்டைகளைத் தாங்கும் தட்டு) நகர்வுக்காக யாராவது வேண்டுமென்றே வைத்த எண்ணாகவும் இருக்கலாம் அல்லவா? நான் #5201, #5202, #5203 மூன்றையும் பார்த்து, ஏதாவது பூஜ்யம் இல்லையென்றால் #3000 அலாரம் கொடுத்து நிறுத்தச் சொல்வேன். முதல் நொடியில் நின்றால் நல்லதுதான். ஆள் இன்னும் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறார்.

அதே அலாரத்தை நடு இரவு இரண்டு மணிக்குப் பயன்படுத்துவது தவறு. நான்காம் கட்டை சரியாகப் பூட்டப்படவில்லை என்பதற்காக மெஷினே நின்றுவிட்டால், மீதி எட்டும் காலை வரை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு கட்டையையும் வெட்டுவதற்கு முன் புரோப் (தொட்டு அளக்கும் கருவி) தொட்டுப் பார்க்கட்டும். கிடைத்த அளவு எதிர்பார்த்ததிலிருந்து 0.5-க்கு மேல் விலகினால் அந்தக் கட்டையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவட்டும், விட்ட எண்ணை ஒரு மாறியில் குறித்து வைக்கட்டும். டூல் உடைவது வேறு கதை. மாற்று டூல் இருந்தால் அதை எடுக்கலாம்; இல்லையென்றால் நிறுத்துவதே சரி.

எல்லாக் கட்டைக்கும் ஒரே டூலை முதலில் முடித்துவிட்டு அடுத்த டூலுக்குப் போவதா, ஒரு கட்டையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததா? டூல் மாற்றும் நேரம் மிச்சமாகும் என்று முதல் முறையைச் சொல்வார்கள். ஆளில்லாத ஓட்டத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். ஏழாவது கட்டையில் மெஷின் நின்றாலும் ஆறு எலெக்ட்ரோட் முழுதாகக் கையில் இருக்கும். முதல் முறையில் பன்னிரண்டும் அரைகுறையாக இருக்கும். கிராஃபைட்டில் இன்னொன்றும் உண்டு. அது டூலை அரித்துத் தின்னும். ஃபினிஷிங் டூல் ஒன்றே பன்னிரண்டையும் முடித்தால் கடைசி எலெக்ட்ரோட் முதலாவதைவிடப் பருத்திருக்கும். சில கட்டைகளுக்கு ஒரு முறை லேசரில் டூலை அளக்க வையுங்கள்.

ஸ்பார்க் கேப் கலந்துபோனால்

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஸ்பார்க் கேப் என்பது இடிஎம்மில் தீப்பொறி தாவும் இடைவெளி; எலெக்ட்ரோடை அந்த அளவு சிறியதாக வெட்டுவோம். பி1 முதல் பி6 வரை ரஃப் எலெக்ட்ரோட், பக்கத்துக்கு 0.25 சிறியது. பி7 முதல் பி12 வரை ஃபினிஷ், பக்கத்துக்கு 0.08 சிறியது. வடிவம் ஒன்றே, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கட்டையைப் பூட்டும்போது இடம் மாறினாலும், தவறான சப் புரோகிராமைக் கூப்பிட்டாலும், மெஷினுக்கு எந்தக் குறையும் தெரியாது. அடுத்த அறையில் ரஃப் இடைவெளிக்கு அமைத்த இடிஎம்மில் ஃபினிஷ் எலெக்ட்ரோட் போய்விட்டால் கேவிட்டி பெரிதாகிவிடும். அரித்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்து மறுபடி முதலிலிருந்துதான்.

ஒவ்வொரு ஜீரோவுக்கும் இணையாக அதன் கேப்பையும் #500 வரிசை மாறி ஒன்றில் எழுதி, சப் புரோகிராம் தொடங்கும்போது ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் செய்யுங்கள். வெட்டு முடிந்ததும் அதே மெஷின் எலெக்ட்ரோடின் அடிப்பகுதியில் எண்ணையும் கேப்பையும் பொறித்துவிடட்டும். ஓரிரு நிமிடம்தான் ஆகும். மார்க்கர் பேனாவில் எழுதியது கூலன்ட்டில் போய்விடும்.

சூடும் தூசியும்

எரோவா, சிஸ்டம் 3ஆர் சக்குகள் 0.002 மில்லிமீட்டருக்குள் திரும்ப உட்காரும். தொடு பரப்பில் ஒரு சிறு செப்புத் துகள் இருந்தால் அந்தக் கணக்கு போச்சு. பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் துடையுங்கள்.

மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தோடு சேர்த்துப் பட்டறையின் ஏர்கானையும் அணைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நம் பினாங்கு வெக்கைக்கு இது பெரிய பிழை. 100 மில்லிமீட்டர் செப்பு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.017 நீளும். மெஷினும் சேர்ந்து நகரும். மாலையில் பன்னிரண்டுக்கும் எடுத்த ஜீரோ அதிகாலை நான்கு மணிக்கு வெட்டும் கட்டைக்குப் பொருந்தாது. வெட்டும் முன் ஒவ்வொன்றையும் புரோப் செய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போது கிளம்புவதற்கு முன் நான் ஒரு வெள்ளோட்டம் விடுகிறேன். #510-இல் 1 வைத்தால், ஒவ்வொரு சப் புரோகிராமும் தன் முதல் டூலை எடுத்து, கட்டைக்கு மேலே பத்திரமான உயரத்தில் போய் நின்று, வெட்டாமல் எம்99-இல் திரும்பிவிடும். அந்தச் சோதனை வரியை போஸ்ட் எழுதும் ஜீரோ வரிகளுக்கும் முதல் அணுகலுக்கும் பிறகுதான் வைத்திருக்கிறேன். உள்ளே ஜி54 ஒளிந்திருந்தால் ஸ்பிண்டில் இரண்டாவது கட்டைக்குப் போகாமல் முதலாவதின் மேலேயே நிற்கும். பன்னிரண்டு கட்டைக்கும் ஏழெட்டு நிமிடம் ஆகிறது. பன்னிரண்டாவதின் மேல் டூல் வந்து நின்றதைப் பார்த்த பிறகு #510-ஐ 0 ஆக்கி, ஸ்டார்ட் அழுத்தி, கதவைச் சாத்துகிறேன்.