மூலமா, வெடிப்பா, பவுத்திரமா: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தோர் சத்திரசிகிச்சைக்குப் போகும் வழி

எங்கள் ஊர்ப் பேச்சில் ஆசனவாயில் வரும் எந்த வருத்தத்துக்கும் ஒரே பெயர்தான். இரத்தம் போனாலும் மூலம், எரிந்தாலும் மூலம், சீழ் வடிந்தாலும் மூலம். இங்கு வந்த பின்னரும் அந்தப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் ஒரு களிம்பை வாங்கிப் பூசியபடி மாதக்கணக்கில் வேலைக்குப் போய் வருபவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆனால் இவை வெவ்வேறு நோய்கள். சிலவற்றுக்குக் கத்தியே தேவைப்படாது.

இங்குள்ள அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். முறையில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரே போக முடியாது, உங்கள் ஜி.பி., அதாவது குடும்ப வைத்தியர், எழுதி அனுப்ப வேண்டும். ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜி.பி.யிடம் பதிந்துகொள்ளுங்கள். வீசாவோ முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக உங்களைப் பதிய மறுக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆங்கிலம் போதாதென்றால், நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையை இதற்குக் கூட்டிச் செல்வது பிள்ளைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. மகள் பக்கத்தில் இருக்கையில் மலத்தில் இரத்தம் போவதை எந்தத் தகப்பன் முழுமையாகச் சொல்வார்? வைத்தியர் அந்த இடத்தைப் பார்க்கவும், கையுறையிட்ட விரலால் சோதிக்கவும் கூடும். அப்போது துணைக்கு ஒரு தாதியை அருகில் நிறுத்தும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரத்தத்தின் நிறம், வலி எப்போது வருகிறது, மலம் போகும் பழக்கம் மாறியுள்ளதா, உடல் மெலிகிறதா ஆகிய நான்கையும் சொல்லுங்கள். குடற்புற்றும் இரத்தத்தோடுதான் தொடங்கக் கூடும் என்பதால், வீட்டிலேயே மலத்தில் சிறிதளவு எடுத்து அனுப்பும் பரிசோதனைக் குப்பியை ஜி.பி. தரலாம். அதை அருவருத்து ஒதுக்கி வைக்காதீர்கள்.

மூலத்தில் பெரும்பாலும் வலியின்றிச் சிவந்த இரத்தம் போகும். உணவு மாற்றத்துக்கு அடங்காவிட்டால், வெளிநோயாளர் பிரிவிலேயே அதன் அடியில் சிறு ரப்பர் வளையம் மாட்டுவார்கள்; இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில நாட்களில் அது தானே உதிர்ந்துவிடும். வெட்டி அகற்றுவது பெரிய மூலங்களுக்கே. அதன் வலி இரண்டு வாரமளவில் இருக்கும். மலம் கழிக்கும்போது கண்ணாடியால் கீறியதுபோல் வலித்து, அந்த வலி மணிக்கணக்கில் நீடித்தால் அது வெடிப்பாக, அதாவது ஆசனவாய்த் தோலில் விழுந்த கீறலாக, இருக்கலாம். இதற்கு முதலில் தசையைத் தளர்த்தும் களிம்பு தருவார்கள். அதில் தலையிடி வருவது சாதாரணம் என்பதை அறியாமல் இடையில் விட்டுவிட்டு, பலனில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

பவுத்திரம் மருந்தால் ஆறுவது அரிது. சீழ்க்கட்டி உடைந்த வழி உள்ளே குழாயாக நின்றுவிடுவதால், அது எந்தத் தசையூடாகப் போகிறதென்று பார்த்தே வெட்டுவதா, நூல் கட்டிச் சீழை வடியவிடுவதா என்று தீர்மானிப்பார்கள். சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் காரமருந்து பூசிக் கட்டும் காரநூலை அறிந்தவர்களுக்கு நூல் கட்டுவது புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கு கட்டும் நூலில் காரம் பூசப்படுவதில்லை.

வயிற்றைப் பொறுத்தவரை, படுத்தால் உள்ளே போகும் கவட்டுவீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். வலை வைத்துத் தைக்கும் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் அன்றே வந்து அன்றே வீடு திரும்பலாம். காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளலாம். ஆனால் அந்த வீக்கம் இறுகி, வலித்து, உள்ளே போகாமல் வாந்தியும் வந்தால் பட்டியலைப் பற்றி யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொப்புளருகே தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிக் கூடிக்கொண்டே போனாலும், ஆசனவாயருகே காய்ச்சலுடன் கட்டி வீங்கினாலும் தாமதிக்கக் கூடாது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் தொலைபேசியில் 111ஐ அழையுங்கள், உயிராபத்தென்றால் 999.

சுகாதாரக் கட்டணம் செலுத்தி வீசா பெற்றவர்களுக்கும் தஞ்சம் கோரியுள்ளவர்களுக்கும் இச்சிகிச்சைகள் இலவசம். பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலா வீசாவில் வந்த பெற்றோரின் நிலை வேறு. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசமானாலும், வைத்தியசாலை விடுதியில் அனுமதித்த பின் என்.எச்.எஸ். விலையின் ஒன்றரை மடங்கு கேட்கப்படலாம். பயணக் காப்புறுதி இல்லாமல் அவர்களை அழைக்காதீர்கள்.

மயக்கமருந்து பெற்றவருடன் முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், தனியறையில் வாடகைக்கு இருப்பவர்கள் நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். முதல் 7 நாள் விடுப்புக்கு வைத்தியர் கடிதம் தேவையில்லை. அதற்கு மேலென்றால் வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போதே கேட்டு வாங்குங்கள். வலிக்குக் கோடீன் தந்தால் மலம் இறுகும் என்பதால் தண்ணீரும் கீரையும் பருப்பும் கூட வேண்டும். காகிதத்தால் துடைப்பதை விடுத்து, ஊரில் செய்ததுபோல் தண்ணீரால் கழுவி மெல்ல ஒற்றியெடுப்பது ஆசனவாய்ப் புண்ணுக்கு இதமானது. மலசலகூடத்தில் ஒரு வாளியும் கோப்பையும் வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.