குறை சொல்ல வரும் ஊழியரை எப்படி எதிர்கொள்வது?

டொயோட்டா கார் ஆலைகளில் அசெம்பிளி லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். பல இடங்களில் இப்போது பட்டன். கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். டீம் லீடர் அவர் நிற்கும் இடத்துக்கே வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும்.

உங்கள் பட்டறைக்குக் கயிறெல்லாம் வேண்டாம். "சார், இந்தத் தையல் பிரியுது" என்று ஒருவர் வந்தால், "யார் தைச்சது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நல்லவேளை, சொன்னீங்க" என்று எழுந்துபோய்ப் பாருங்கள். என்ன செய்தீர்கள் என்பதை மறுநாளைக்குள் அவரிடமே சொல்லுங்கள். பல முதலாளிகள் கோட்டைவிடுவது இங்கேதான். பதில் வராவிட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். இப்போதைக்கு முடியாது என்றால், அதையும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.