மெட்டபாலிசத்தைக் கூட்டும் அன்றாட உணவுகள்: எதைச் சாப்பிடுவது, எவ்வளவு, எங்கே தவறுகிறது

வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 64 கலோரி இருக்கிறது. வெந்நீரில் விட்டாலும் அது 64தான். கொழுப்பைக் கரைக்கும் உணவு என்று ஒன்று கிடையாது. ஆனால் சில உணவுகளைச் செரிக்க உடல் கூடுதலாகச் செலவழிக்கிறது. சில உணவுகள் அடுத்த பசியைத் தள்ளிப் போடுகின்றன. எடை குறைப்பில் உணவால் ஆகும் உதவி இந்த இரண்டு வழியில்தான் வருகிறது. அதிலும் இரண்டாவதுதான் பெரிய உதவி.

மெட்டபாலிசம் என்றால் உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகம். ஒரு நாளில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 60 முதல் 70 சதவீதம், நீங்கள் சும்மா படுத்திருந்தாலும் செலவாகும். இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுவதற்கான செலவு அது. சுமார் 10 சதவீதம் உணவைச் செரிக்கப் போகிறது. மீதி நடமாட்டத்துக்கு. உணவை மாற்றினால் நேரடியாக அசைவது அந்தப் பத்து சதவீதம் மட்டுமே. புரதத்தில் வரும் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே செலவாகிவிடும். மாவுச்சத்தில் 5 முதல் 10 சதவீதம். கொழுப்பில் அதிகம் போனால் 3.

படி 1: உங்கள் அடிப்படைச் செலவைக் கணக்கிடுங்கள்

1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் போதும். எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணானால் 5 கூட்டுங்கள், பெண்ணானால் 161 கழியுங்கள்.

70 கிலோ எடை, 160 செ.மீ. உயரம், 35 வயதுள்ள பெண் என்று வைத்துக்கொள்வோம். 700 + 1000 − 175 − 161 = 1364 கலோரி. இது ஓய்வில் ஆகும் செலவு. நாள் முழுக்க உட்கார்ந்த வேலையானால் 1.2ஆல் பெருக்க வேண்டும், ஓரளவு நடமாட்டம் இருந்தால் 1.375ஆல். இரண்டாவதை எடுத்தால் சுமார் 1,875. இதிலிருந்து 300 முதல் 500 வரை குறைத்தால் போதும். 400 குறைத்தால் ஒரு நாளுக்கு 1,475 கலோரி.

பெரும்பாலோர் சறுக்குவது இந்தப் பெருக்கத்தில்தான். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் நடப்பவர் தன்னை 'நல்ல உழைப்பாளி' என்று நினைத்து 1.55ஆல் பெருக்கிவிடுவார். மேலே சொன்ன பெண்ணுக்கு அந்த ஒரு தவறே நாளுக்கு 240 கலோரி வித்தியாசம். சந்தேகம் இருந்தால் குறைந்த எண்ணையே எடுங்கள்.

'நாற்பது தாண்டியதும் மெட்டபாலிசம் படுத்துவிட்டது' என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வின்படி, உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயது வரை அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நாற்பதில் குறைவது பெரும்பாலும் நடமாட்டமும் தசையும்தான்.

படி 2: மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று மூன்று நாள், வாய்க்குள் போவது அத்தனையும் எடையோடு எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்ததும், சமைக்கும்போது ருசி பார்த்ததும் கணக்கில் உண்டு. நல்ல பிள்ளையாகச் சாப்பிட்ட மூன்று நாளை எழுதினால் பயனில்லை. வழக்கமான நாள்தான் வேண்டும்.

படி 3: புரதத்தை ஏற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இலக்கு: எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். எடை மிக அதிகமாக இருந்தால், இப்போதைய எடைக்குப் பதிலாக நீங்கள் எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள். மொத்தத்தையும் இரவில் ஒரே தட்டில் கொட்டாமல் வேளைக்கு 25 முதல் 30 கிராம் என்று பிரியுங்கள். காலையில்தான் பலருக்கும் புரதம் காலியாக இருக்கும். அங்கிருந்து தொடங்குவது எளிது.

நமது 70 கிலோ உதாரணத்துக்கு 90 கிராம் இலக்கு வைத்தால் ஒரு நாள் இப்படி இருக்கும். காலையில் 2 முட்டை (12 கிராம் புரதம்), 40 கிராம் ஓட்ஸ் (5), 200 மி.லி. பால் (6.5). மதியம் வெந்த கொண்டைக்கடலை 200 கிராம் (18), வடித்த தயிர் 100 கிராம் (8). இரவு எண்ணெய் சேர்க்காமல் வெந்த தோலில்லாக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் (31). சைவமானால் கெட்டி டோஃபு (சோயா பன்னீர்) 150 கிராமும் வெந்த பருப்பு 100 கிராமும். இதுவரை சுமார் 80 கிராம். மீதிப் பத்து கிராம் தானியத்திலும் காய்கறியிலும் தானாகவே வந்துவிடும். கோழிக்கணக்கில் இதற்குச் செலவான கலோரி சுமார் 1,000. 1,475இல் மிச்சம் இருப்பது தானியம், காய், பழம், எண்ணெய் எல்லாவற்றுக்கும்.

வடித்த தயிர் செய்வது கடினமில்லை. அரை கிலோ சாதாரணத் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் 5 மணி நேரம் விடுங்கள். நீர் இறங்கிப் பாதியளவு கெட்டித் தயிர் நிற்கும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3.5 முதல் 5 கிராம் புரதம் என்றால் இதில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வெளியே தொங்கவிட்டால் புளித்துப்போகும். பழச்சுவை சேர்த்து விற்கும் தயிரில் சர்க்கரை இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுகிறவர்கள், முட்டையின் புரதத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் மஞ்சள் கருவில் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பருப்பு, கடலை வகைகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பாக்கெட்டில் '100 கிராமில் 24 கிராம் புரதம்' என்று இருக்கும். அது உலர்ந்த பருப்புக்கு. வெந்ததும் அது தண்ணீர் குடித்து இரண்டரை மடங்காகிவிடும். வெந்த 100 கிராமில் இருப்பது 9 கிராம்தான். பாக்கெட் எண்ணை வைத்துத் தட்டில் இருப்பதைக் கணக்கிட்டால், வெந்த பருப்பு 250 கிராமில் 60 கிராம் புரதம் சாப்பிட்டதாக நினைத்து 23தான் சாப்பிட்டிருப்பீர்கள். உலர் எடை, வெந்த எடை இரண்டில் எதை எடுத்தாலும் சரி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் கிடைக்கும் நேரடி லாபம் எவ்வளவு? மொத்தக் கலோரியைக் கூட்டாமல், 50 கிராம் மாவுச்சத்தை எடுத்துவிட்டு 50 கிராம் புரதம் வைக்கிறீர்கள் என்போம். இரண்டும் 200 கலோரி. மாவுச்சத்தைச் செரிக்கச் சுமார் 15 கலோரி ஆகும், புரதத்துக்குச் சுமார் 50. ஆக, நாளுக்கு 35 கலோரி லாபம். பெரிய தொகை இல்லை. பெரிய லாபம் வயிற்றில் தெரியும். பதினொரு மணிக்கு பிஸ்கட்டைத் தேடிப் போகாமல் இருப்பது நூறு, இருநூறு கலோரி. எடை குறையும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்வதும் புரதம்தான். அதற்கு வாரம் இரண்டு முறையாவது பளு தூக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

படி 4: பயறு, முழுதானியம், காய்கறி

நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து இலக்கு. வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 8 கிராம் இருக்கிறது, அதனால் புரதத்துக்காகச் சாப்பிடுவதே இதற்கும் பாதி வேலை செய்துவிடும். ஆனால் ஒரே நாளில் 10லிருந்து 30க்குத் தாவினால் வயிறு உப்பி, வாயு பிடித்து, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றுங்கள். கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

முழுப்பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். தளதளவென்று கொதிக்கும் நீரில் 30 நிமிடமாவது வேக வேண்டும். குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரத்தில் அதை நேராகப் போடவே கூடாது.

பதப்படுத்தாத உணவை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்த சோதனை நல்ல காரணம். 20 பேருக்கு இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதில், முதல் வகையில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது.

படி 5: காபி, பச்சைத் தேநீர்

காபி மெட்டபாலிசத்தைக் கூட்டும் என்பது உண்மை. எவ்வளவு என்று பார்ப்போம். 100 மில்லிகிராம் காஃபீன், அதாவது ஒரு பெரிய கோப்பைக் காபி, ஓய்வுச் செலவை இரண்டரை மணி நேரத்துக்குச் சுமார் 3 முதல் 4 சதவீதம் கூட்டும். நமது உதாரணப் பெண்ணுக்கு ஓய்வில் மணிக்கு 57 கலோரி. அதில் 4 சதவீதம் என்றால் மணிக்கு இரண்டு கலோரி சொச்சம், மொத்தம் ஆறு. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 16 கலோரி. கணக்கு அங்கேயே முடிந்தது. சர்க்கரை இல்லாமல் குடிக்க முடிந்தால் குடியுங்கள், முடியாவிட்டால் எடை குறைக்க என்று சொல்லிக் குடிக்காதீர்கள்.

பச்சைத் தேநீர் கசக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் கொதிக்கும் நீரை ஊற்றியிருப்பார்கள். கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 75 முதல் 80 டிகிரியில், 200 மி.லி.க்கு 2 கிராம் இலை, இரண்டு முதல் மூன்று நிமிடம். பிறகு இலையை எடுத்துவிடுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பச்சைத் தேநீர்ச் சாற்று மாத்திரைகள் வேண்டவே வேண்டாம், அதிக அளவில் அவை கல்லீரலைப் பாதித்திருக்கின்றன.

காஃபீன் உச்சவரம்பு ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிக்கு 200. மாலையில் குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் மறுநாள் பசி கூடும்.

படி 6: மிளகாய், இஞ்சி, தண்ணீர்

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத் தட்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வியர்ப்பதும் அதனால்தான். ஆனால் எடைக்கணக்கில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பழகிய நாக்குக்கு அதுவும் குறைவு. காரம் வேண்டுமென்றால் விதையைத் தேடாதீர்கள், அது ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் கேப்சைசின் அதிகம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இஞ்சியும் இதே வகைதான். ருசிக்குப் போடுங்கள்.

ஐஸ் தண்ணீரைச் சூடாக்க உடல் கலோரி செலவழிக்கும் என்பார்கள். அரை லிட்டரை 4 டிகிரியிலிருந்து 37க்குக் கொண்டுவர ஆவது 16.5 கலோரி. அதற்காக ஐஸ் தண்ணீரைத் தேட வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் சாதாரணத் தண்ணீர் குடித்தால் சற்றுக் குறைவாகச் சாப்பிடுவீர்கள், லாபம் அதுதான்.

படி 7: எண்ணெயையும் கொட்டைகளையும் அளங்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் எடை அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கைக்கணக்கில் ஊற்றும்போது ஒன்று என்று நினைப்பது இரண்டாகத்தான் விழும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எண்ணெய்க்கு அப்படியே பொருந்தும். பாட்டிலைத் தராசில் வைத்து, ஊற்றும் முன்பும் பின்பும் பாருங்கள். 14 கிராம் குறைந்தால் ஒரு மேசைக்கரண்டி.

பாதாம், வேர்க்கடலை நல்லவைதான், ஆனால் 30 கிராமிலேயே 170 கலோரி. ஒரு சுவையான விதிவிலக்கு: முழுப் பாதாமின் கொழுப்பில் ஒரு பகுதி மெல்லப்படாத துணுக்குகளுக்குள் சிக்கிச் செரிக்காமலே வெளியேறுகிறது. 2012இல் அமெரிக்க வேளாண்துறை அளந்தபோது 28 கிராம் பாதாமில் உடலுக்குக் கிடைத்தது 129 கலோரிதான். அரைத்துப் பசையாக்கினால் இந்தச் சலுகை பெரிதும் போய்விடும்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருங்கள். இல்லாவிட்டால் மருந்து சரியாகச் சேராது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் கலோரியைக் குறைக்கும் பகுதியை விட்டுவிடுங்கள்.

படி 8: எடை பார்ப்பது

காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன், தினமும் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஏழு நாள் சராசரியை எழுதி, வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். முதல் வாரம் ஒன்றிரண்டு கிலோ சட்டென்று இறங்கினால் துள்ள வேண்டாம். தசையில் சேமித்த ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், குறைந்தது பெரும்பாலும் அந்த நீர். உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் நீர்தான்.

நான்கு வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் படி 2க்குத் திரும்பி மீண்டும் மூன்று நாள் எழுதுங்கள், பெரும்பாலும் அளவு தளர்ந்திருக்கும். 5 கிலோ குறைந்தபின் நின்றுபோனால் படி 1க்கு. எடை 5 கிலோ குறைந்தால் ஓய்வுச் செலவு 50 கலோரி குறையும், 1.375ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 70. அரை மேசைக்கரண்டி எண்ணெயைவிடச் சற்று அதிகம், அவ்வளவைக் குறைத்தால் மறுபடி நகரும்.