போயா நாளில் கோட்டைக்குப் போகாதீர்கள்

லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் பிள்ளைகளோடு மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் பாசிக்குடாவில் குளித்து, மாமாங்கத்தில் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். புளியந்தீவுக் கோட்டைக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து ஒதுக்குங்கள். நாட்காட்டி பார்க்காமல் ஒரு போயா நாளில், அதாவது முழுநிலவு விடுமுறை நாளில், குடும்பத்தோடு போய் நின்றேன். வாசலில் இருந்த பெரியவர், "இண்டைக்குப் போயா தானே மகன், நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் காலை எங்களுக்குக் கொழும்பு ரயில்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டை என்று பெயர். முதலில் கட்டியது போர்த்துக்கேயர், 1628இல். பத்து வருஷம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்த ஒல்லாந்தர் 1638 மே 18 அன்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தீவில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதல் கோட்டை இதுதான். பிறகு வெள்ளைக்காரன் வந்தான்; கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகமும் வந்தது. நெடுங்காலம் மாவட்டக் கச்சேரி இந்த மதிலுக்குள்தான் இயங்கியது. "கச்சேரிக்குப் போறோம்" என்று நான் சொன்னதும் என் மகள் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்!

உள்ளே சிறியதொரு நூதனசாலை இருக்கிறது: ஏடுகள், பழைய கடிதங்கள், பாவனைப் பொருட்கள். பெரிய நகரத்து மியூசியம் போல எதிர்பார்க்க வேண்டாம். அது பூட்டியிருந்தாலும் மனம் சோரத் தேவையில்லை, பார்க்க வேண்டியது மதில்தான். வார நாளில், வெயில் ஏறுமுன், வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். மதிலின் அகலத்தைக் காலால் அளந்து பாருங்கள். பீரங்கியில் உப்புக்காற்று தின்ற இடத்தைத் தடவினால் கை செம்மண் நிறமாகும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் வாவி, அதில் ஒற்றை ஆள் வலை எறிகிற தோணி. ட்ரோனை மட்டும் அனுமதி எடுக்காமல் பறக்க விடாதீர்கள்.

கீழே இறங்கி நடக்கிற தூரத்தில் காந்தி பூங்கா. 1814இல் மெதடிஸ்த மிஷனரியாக வந்த வில்லியம் ஓல்ட்டின் சிலை அங்கே நிற்கிறது. வந்து ஒரு வருஷத்திலேயே இறந்துபோனார்; அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் மத்திய கல்லூரியாக நடக்கிறது. பிள்ளைகளை ஓட விட்டு நிழலில் இருக்க நல்ல இடம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டோ பிடித்துக் கல்லடிப் பக்கம் போங்கள். ஏறுமுன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், வெளிநாட்டுச் சப்பாத்தை அவர்கள் தூரத்திலேயே கண்டுவிடுவார்கள். உப்போடையில், சிவானந்தா வித்தியாலய வளவுக்குள், தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்த அடிகளின் சமாதி. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். "உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது" என்று அவர் பாடிய பாட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்க வையுங்கள். தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் அனுப்புகிற காசு அங்கே வசூலாகும். இன்னொரு நாள் மிச்சமிருந்தால் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுக்கும் போகலாம். 1892இல் மயில்வாகனமாக அவர் பிறந்த ஊர் அது. வழியில் காத்தான்குடித் தெருவின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பாருங்கள். கல்முனைக்கு முன்னால் மருதமுனையில் இறங்கினால் கைத்தறிச் சாரனும் சேலையும் வாங்கலாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே மாரி. குடை பிடித்துக்கொண்டு மதிலில் ஏற முடியாது. சித்திரை முதல் புரட்டாதி வரை வாருங்கள், கச்சான் காற்று வாயை உலர்த்தும், தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

சரி, போயாவன்று என்ன செய்வது? அன்றிரவு கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் புதுப் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு; அது முழுநிலவில்தான் கேட்கும் என்பார்கள். தோணிக்காரரோடு காசு பேசி, பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி, நடு வாவிக்குப் போனதும் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வையுங்கள். என் மகள் வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு, "அப்பா, இதுதானா கச்சேரி?" என்றாள்.